சமயத் துன்பக் கதைகளில் வழக்காறும் வரலாறும்

சென்னையில் அடையாற்றின் தென்கரையில் அமைந்த பகுதி கோட்டூர்புரம். 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தால் இன்று பலரும் அறிந்த இடம் அது. அங்கிருந்து மேற்கே, அதே கரையில், சைதாப்பேட்டைப் பாலத்தை அடுத்துச் சின்னமலை உள்ளது, தென்மேற்கே பரங்கிமலை, வடகிழக்கே கடற்கரையில் மயிலாப்பூர். இம்மூன்று இடங்களையும் ஒரு கதை இணைக்கின்றது. ஏசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் பகைவரால் துரத்தப்பெற்றுச் சின்னமலைக் குகையில் மறைந்திருந்தார் என்றும், பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர் நீத்தார் என்றும், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பெற்றார் என்றும் அக்கதை கூறும். அதே மயிலாப்பூரில் பூம்பாவையை உயிர்ப்பித்தவர் எனப் பெரியபுராணம் போற்றும் திருஞானசம்பந்தரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. மதுரையில் அவரோடு வாதிட்டுத் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்பது அது.

முன்னது ஒருவர் மாண்ட கதை; பின்னது ஒரு கூட்டத்தார் மாண்ட கதை. இரண்டும் சமயத்தின் பொருட்டு நிகழ்ந்த கொலைகளாகச் சொல்லப்படுவன. இவற்றை இன்றும் மேடைகளில் எடுத்துரைத்து, இன்று வாழும் மக்களை அவர்தம் முன்னோர் செய்ததாகக் கூறப்படும் செயலுக்காகப் பழிப்பவர் உளர். அங்ஙனமே, இவை முழுவதும் கட்டுக்கதை என ஒரே சொல்லால் தள்ளிவிட்டு, சமயப் பகையே தமிழகத்தில் இருந்ததில்லை என்று கூறுவாரும் உளர். இவ்விரு சாராரும் சான்றுகளைக் கால முறையில் அடுக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனை ஈண்டுச் செய்து பார்ப்பாம்.

இத்தகைய கதையை எடுத்தவுடன் இது மெய்யோ பொய்யோ என வினவுவதால் பயன் மிகுதியும் இல்லை. இதனை முதன்முதல் கூறியவர் யார், அவர் நிகழ்ச்சிக்கு எத்துணைக் காலம் பிற்பட்டவர், அவருக்கு முந்தியோர் இதே பொருளைப் பற்றி என்ன கூறினர், இதனைக் கூறுவதால் கூறுவார்க்கு வருவது புகழோ பழியோ என்பவற்றையே முதலில் வினவ வேண்டும். இவற்றிற்கு விடை கிடைத்தால், முதல் வினாவிற்கும் ஓரளவு விடை கிடைத்துவிடும்.

தோமையாரின் சாவைக் கூறும் மிகப் பழைய நூல் கி. பி. 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரிய மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்பதாகும். எதெசா நகரச் சூழலில் தோன்றியதாக அதனை அறிஞர் கொள்வர். வணிகன் ஒருவனுக்கு அடிமையாக விற்கப்பட்டுத் தோமையார் இந்தியாவிற்கு வந்தார். குண்டபோரன் என்னும் மன்னன் அரண்மனை கட்டுதற்குத் தந்த பொருளை ஏழைகளுக்கு வாரி வழங்கி, அவனுக்கு விண்ணுலகில் மாளிகை எழுப்பியதாகக் கூறினார். பின்னர் மஸ்தாய் என்னும் வேறொரு மன்னனின் நாட்டை அடைந்து, அவன் மனைவியையும் மகனையும் தம் நெறிக்கு ஈர்த்தார். சினங்கொண்ட மன்னன் அவரை ஊர்ப்புறத்து மலைக்குக் கொண்டு செல்வித்து, நான்கு வீரரைக் கொண்டு ஈட்டியால் குத்திக் கொல்வித்தான். இதுவே அந்நூல் கூறுவது. அம்மலையின் பெயரோ ஊரின் பெயரோ அதில் இல்லை. மஸ்தாய் என்பது தமிழ் மன்னர் பெயரும் அன்று. பாரசீகச் சாயல் உடையது. மேலும், அவருடைய எலும்புகள் மேற்றிசைக்குக் கொண்டு போகப்பட்டன என்றும் அந்நூலே கூறிவிடுகின்றது. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எபிரேம் என்னும் சிரியப் புலவரும் அவ்வெலும்புகள் எதெசாவில் இருந்தமையைப் பாடுகின்றார்.

இந்நூலை வெறுங்கதை என்று நெடுங்காலம் ஒதுக்கி வந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் காபூல், பஞ்சாப் பகுதிகளில் கிடைத்த நாணயங்கள் அக்கருத்தை அசைத்தன. கொண்டபாரன் என்னும் பெயருடைய மன்னன் ஒருவன் உண்மையில் ஆண்டான் என்பதை அவை காட்டின. தக்தி பாகி என்னும் இடத்துக் கல்வெட்டும் அவனைக் குறிக்கின்றது. அக்கல்வெட்டின் ஆண்டைக் கொண்டு கி. பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் அவன் ஆண்டான் எனப் பொதுவாகக் கொள்வர். தோமையாரின் காலமும் அதுவே. இதனால் மகிழ்ந்த சிலர், ஒன்று மெய்யானமையின் எல்லாம் மெய் என்று முடிவு கட்டினர். அஃது அளவை நூலுக்கு ஒவ்வாது. மன்னனின் பெயர் மெய் என்பதால் விண்ணுலக மாளிகை மெய்யாகிவிடாது. எதெசா வணிகருக்கு வடமேற்கு இந்தியாவோடு தொடர்பு இருந்தது என்பதையும், அதன் மன்னர் ஒருவரின் பெயர் ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழிந்தும் அங்கு நினைவில் இருந்தது என்பதையும் மட்டுமே அந்நாணயங்கள் நாட்டுகின்றன. மயிலாப்பூரைப் பற்றி அவை ஒன்றும் கூறவில்லை.

மயிலாப்பூரைப் பற்றி நமக்குத் தெளிவாகக் கூறும் பழைய அயலவருள் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ குறிப்பிடத்தக்கவர். மாபார் நாட்டில் சிறு ஊர் ஒன்றில் தோமையாரின் உடல் உள்ளது என்றும், கிறித்தவரும் இசுலாமியரும் அதனை வழிபட வருகின்றனர் என்றும், அவ்விடத்துச் செம்மண்ணை நோய்க்கு மருந்தாக எடுத்துச் செல்கின்றனர் என்றும் அவர் எழுதினார். அவர் கேட்ட சாவுக் கதையே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. தோமையார் காட்டில் மயில்கள் சூழ்ந்திருக்க இறைவனை வேண்டிக்கொண்டிருந்தார். மயிலைக் குறிவைத்து வேடன் ஒருவன் விட்ட அம்பு தவறி அவர் விலாவில் பாய்ந்தது. அதனால் அவர் இறந்தார். இங்கே கொடிய மன்னன் இல்லை, பகைவரும் இல்லை, சமயக் காழ்ப்பின் நிழலும் இல்லை. நிகழ்ந்தது விபத்து.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியரும் மயில் கதையையே கேட்டார். ஆனால் அவர் காலத்தில் அது மேலும் வளர்ந்துவிட்டது. வேடன் எய்தது மயிலையே. எய்யப்பட்ட மயில் மேலெழுந்து மனித உடலாக மாறியது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மயிலாப்பூர் என்னும் ஊர்ப் பெயரையும், அம்மை மயில் வடிவில் இறைவனைப் பூசித்தாள் என்னும் அவ்வூர்க் கோயிற்கதையையும் அறிந்த தமிழருக்கு இம்மயில் எங்கிருந்து பறந்து வந்தது என்று கூறவேண்டுவதில்லை. ஊரின் பழைய கதை புதிய துறவிக்குத் தன் பறவையைக் கடன் கொடுத்தது எனக் கருத இடமுண்டு.

எனவே, போர்த்துக்கீசியர் இங்குக் காலூன்றும் வரை உள்ளூர் மக்கள் நாவில் வழங்கிய கதை கொலைக் கதை அன்று. சிரிய நூலின் ஈட்டியும் மலையும் ஓரிடத்தில் இருந்தன. மயிலையின் அம்பும் மயிலும் வேறோரிடத்தில் இருந்தன. இரண்டும் ஒன்றானது 16-ஆம் நூற்றாண்டில். 1523-இல் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளோடு ஈட்டி முனை ஒன்றும் மண் நிறைந்த கலம் ஒன்றும் கிடைத்ததாகப் போர்த்துக்கீசியர் எழுதினர். எலும்புகள் எதெசாவிற்குச் சென்றுவிட்டன என்னும் பழைய செய்தியோடு இது முரண்படுவதை அக்காலத்தார் பெரிதாகக் கொள்ளவில்லை. சின்னமலையில் 1551-இல் கோயில் எழுந்தது. அங்குள்ள குகையும், கற்சுனையும், பாறையில் காட்டப்படும் கைத்தடமும் கதையின் இடைப்பகுதியை நிரப்பின. சூழவுள்ள நிலமெல்லாம் கதைக்குச் சான்று கூறத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

இவற்றுள் பரங்கிமலைச் சிலுவையின் செய்தி நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. ஆதலின் சற்று விரித்துக் கூறுவாம். 1547-இல் மலைமேல் கோயில் கட்டுதற்கு அடித்தளம் தோண்டுகையில், சிலுவை வடிவம் புடைப்பாகச் செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அதனைச் சுற்றி அங்கு யாரும் அறியாத எழுத்துக்கள் வளைந்து சென்றன. கல்லின் மேல் செந்நிறப் புள்ளிகள் காணப்பட்டன. குருதிக் கறை என்றனர் கண்டோர். பின்னர் 1558-இல் தொடங்கி அச்சிலுவை வழிபாட்டு வேளையில் வியர்த்தது என்னும் செய்தியும் பரவியது. எழுத்தைப் படிப்பார் ஒருவரும் இலர். கற்றறிந்த அந்தணர் ஒருவரை அழைத்து வந்து காட்டினர். அவர் அவ்வெழுத்துக்களைப் படித்ததாகக் கூறி, தோமையார் வந்ததும், போதித்ததும், கொல்லப்பட்டதும், அவர் குருதி இக்கல்லில் தெறித்ததுமாகிய நீண்ட வரலாற்றை எடுத்துரைத்தார். ஒரு சிறு வளைவில் அடங்கிய சில எழுத்துக்களுக்குள் அத்துணைப் பெரிய வரலாறு எவ்வாறு புகுந்தது என்று அன்று யாரும் ஐயுறவில்லை போலும்! அப்படிப்பு ஐரோப்பிய நூல்களில் ஏறி, கற்சாசனமே கூறும் சான்று என ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மதிக்கப்பட்டது.

1873-இல் ஏ. சி. பர்னெல் என்னும் அறிஞர் அவ்வெழுத்துப் பகலவி எழுத்து என்று கண்டு வெளியிட்டார். பகலவி என்பது பழைய பாரசீக மொழி. எழுத்தின் அமைப்பைக் கொண்டு அக்கல்லை 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டினது என அவர் மதித்தார். கோட்டயம் முதலிய மலையாள நாட்டு ஊர்களிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. பகலவி கற்ற அறிஞர் பலர் பின்னர் இதனைப் படித்துள்ளனர். அவர்தம் படிப்புக்கள் சொல்லுக்குச் சொல் ஒத்திரா. ஆயினும் அது சிலுவையைப் போற்றும் வழிபாட்டு வாசகம், அல்லது கல்லைச் செதுக்கியவனுக்கு இரக்கம் வேண்டும் வாசகம் என்னும் அளவில் அவர்கள் நிற்கின்றனர். தோமையாரின் பெயரோ அவர் சாவோ அதில் இருப்பதாக அவர்களுள் எவரும் படிக்கவில்லை.

இதனால் அக்கல் மதிப்பிழந்ததா? எம் கருத்தில் அதன் மதிப்பு உயர்ந்தது. கேட்ட கதையைக் கல்லில் ஏற்றிப் படித்தவரை அது ஒரு நம்பிக்கைப் பொருளாகவே இருந்தது. அதன் உண்மை எழுத்தைப் படித்த பின்னரோ, போர்த்துக்கீசியர் வருதற்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்னரே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் அடையாற்றங்கரைப் பக்கத்தில் வழிபட்டனர் என்பதற்கு ஐயமற்ற சான்றாகிவிட்டது. சாவுக் கதை நிலை நாட்டப்படவில்லை. வாழ்ந்த மக்களின் வரலாறு கிடைத்தது.

இனி, மதுரைக்குச் செல்லுமுன் திருநாவுக்கரசரை ஒரு சொல் கூறிச் செல்லுதல் வேண்டும். தோமையாரைப் போல அவரும் துன்புறுத்தப்பட்டவராகப் போற்றப்படுபவர். சமணரின் தூண்டுதலால் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் என்பது பெரியபுராணம். இவற்றுள் கல்லோடு கட்டிய செய்திக்கு அவர் பாடல்களிலேயே இடம் உண்டு. நமச்சிவாயப் பதிகத்தில் கல்லோடு பிணித்துக் கடலிற் பாய்ச்சினும் என்னும் பொருளில் அது எடுத்துக்காட்டாக வருகின்றது. அதனை மட்டும் கொண்டு நிகழ்ச்சி என முடிவு செய்தல் இயலாது. 'பாய்ச்சினும்' என்பது வேறு, 'பாய்ச்சினார்' என்பது வேறு. ஆயின் திருநீலக்குடிப் பதிகத்தில் சமணர் தம்மைக் கல்லோடு பூட்டி நீரில் தள்ளியதாகவும், நீலக்குடி அரன் பெயரைச் சொல்லித் தாம் உய்ந்ததாகவும் அவரே தன்மையிற் கூறுகின்றார். இது வேறு வகைச் சான்று. நடந்ததைப் பிறிதொரு சான்று கொண்டு நாம் உறுதி செய்ய இயலாவிடினும், பாதிக்கப்பட்டவரே கூறும் சொல் என்னும் சிறப்பு இதற்கு உண்டு. நீற்றறைக்கும் யானைக்கும் இத்துணைத் தெளிவு வேண்டும். அவ்வந்நிகழ்ச்சியில் பாடப்பெற்றவை எனக் காட்டப்படும் பதிகங்களைப் பிற்கால வரலாற்றை மறந்து தனியே படித்துப் பார்ப்பவர் இவ்வேறுபாட்டை உணர்வர்.

இனி மதுரை. பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் சமணம் சார்ந்திருந்தான். அவன் தேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் சம்பந்தரை அழைத்தனர். சமணர் அவர் தங்கிய மடத்திற்குத் தீயிட்டனர். அத்தீ வெப்பு நோயாக மன்னனைப் பற்றியது. சம்பந்தர் திருநீற்றால் அதனைத் தீர்த்தார். பின் அனல் வாதத்திலும் புனல் வாதத்திலும் சமணர் தோற்றனர். வையையை எதிர்த்துச் சென்ற ஏடு திருவேடகத்தில் தங்கியது. தோற்றோர் எண்ணாயிரவரும் கழுவேறினர். இது சேக்கிழார் கூறும் முறை. சம்பந்தரின் காலம் 7-ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) காலத்தவர். இடைப்பட்டது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு.

சம்பந்தர் பாடல்களை நாம் முதற்சான்றாக எடுத்தல் வேண்டும். சமணரையும் பௌத்தரையும் இகழாத பதிகம் அவரிடம் அரிது. பெரும்பாலும் பதிகத்தின் பத்தாம் பாடல் அதற்கென்றே அமைந்தது. மதுரையில் சமணரோடு எதிர்நின்றமையும் அவர் பாடல்களால் அறியப்படும். மாற்றாரைப் பழிக்க அவர் தயங்கினாரல்லர். அத்தகையவர் பாடல்களில் மாற்றார் எண்ணாயிரவர் ஒருங்கே மாண்ட பெருநிகழ்ச்சி காணப்படவில்லை. கூறாமையைச் சான்றாகக் கொள்ளுதல் எப்போதும் பொருந்தாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் கூறுதற்கு இடமும் மனமும் உடைய ஒருவர் கூறாமையை வாளா விட்டுவிடுதலும் பொருந்தாது. கழுவேற்றத்தை நமக்கு முதலில் கூறுபவர் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி. அவர் சம்பந்தருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டுப் பின்வந்தவர். அவரை அடுத்துச் சேக்கிழார் அதனை முழுக் காட்சியாக்கினார். பின்னும் சில நூற்றாண்டு கழித்துப் பரஞ்சோதியார் அதனை இறைவனின் அறுபத்து நான்கு விளையாடல்களுள் ஒன்றாக்கித் தனிப் படலம் அமைத்தார். ஓவியத்திலும் திருவிழாவிலும் அது இடம்பெற்றது. கதை காலந்தோறும் பெரிதாயிற்றே ஒழியச் சிறிதாகவில்லை.

எண்ணாயிரம் என்னும் தொகையைச் சற்று நோக்குவாம். மதுரையைச் சூழ்ந்த எட்டுக் குன்றங்களில் சமண முனிவர் உறைந்தனர். அவை எண்பெருங்குன்றம் எனப்பட்டன. சேக்கிழாரும் அவ்வெண்பெருங்குன்றத்து எண்ணாயிரவர் என்றே கூறுகின்றார். குன்றுக்கு ஆயிரவராகக் கணக்கு நேர் செய்யப்பட்டுள்ளது. எண்ணிப் பார்த்துப் பெற்ற தொகையாக இது தோன்றவில்லை. நாலடியார் தோன்றிய கதையோடு இதனை ஒப்பிடுவார்க்கு மற்றொன்றும் புலனாகும். பஞ்சத்திற்கு அஞ்சிப் பாண்டியனை அடைந்த சமண முனிவர் எண்ணாயிரவர், அவன் விடைதராமையின் ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்து இரவோடிரவாக நீங்கினர், மன்னன் சினந்து ஏடுகளை வையையில் எறிவித்தான், நானூறு ஏடுகள் வெள்ளத்தை எதிர்த்து வந்தன, அவையே நாலடியார். அதே எண்ணாயிரம், அதே பாண்டியன், அதே வையை, எதிரேறும் அதே ஏடு. ஒரு கதையில் எதிரேறுவது சைவ ஏடு, மற்றொன்றில் சமண ஏடு, வேறுபாடு அவ்வளவே. இவ்விரண்டில் எது எதனைப் பார்த்து எழுந்தது என்று துணிய இயலவில்லை. ஆனால் மதுரை மக்கள் கதை கட்டுதற்குக் கைவசம் வைத்திருந்த சரக்கு இவை என்பது தெளிவு.

கல்வெட்டுக்கள் கூறுவது யாது? மதுரையை அடுத்த சமணர் மலையில் 9, 10-ஆம் நூற்றாண்டுச் சமணத் திருமேனிகளும் வட்டெழுத்துக்களும் உள்ளன. அவற்றுள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த மாணாக்கர் பலர் குறிக்கப்படுகின்றனர். பழனிப் பக்கத்து ஐவர்மலையில் கி. பி. 870-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, வரகுண பாண்டியன் ஆட்சியில் பார்சுவர் திருமேனி புதுப்பிக்கப்பட்டதைக் கூறும். சித்தன்னவாசல் குடைவரையை 9-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர். அக்காலத்து அரசன் சீமாறன் சீவல்லபன். கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றைச் செய்வித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் பெயர்களும் நெடுமாறனுக்குப் பின்வந்த பாண்டியர் காலத்தன. ஒரே நாளில் மதுரைச் சமணம் வேரறுந்தது என்னும் கருத்திற்கு இவை இடந்தரா. எனினும் இவற்றைக் கொண்டு ஒருவரும் கொல்லப்படவில்லை என்று சாதித்தலும் ஆகாது. பிழைத்தவர் பலர் என்பதே இவற்றால் பெறப்படுவது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் கழுவேற்றத்தை வரலாறாகக் கொள்ள மறுத்தார். நாமும் எண்ணாயிரத்தையும் ஒருங்கு கழுவேறியதையும் அங்ஙனமே மறுப்போம். ஆனால் அதற்கு மேல் ஓர் அடி வைப்பதற்கு முன் தயங்குவோம்.

தயக்கத்திற்குக் காரணம் உண்டு. பழையாறை வடதளிப் பதிகத்தில் ஆயிரம் சமணர் அழிந்தமையைத் திருநாவுக்கரசர் இறைவன் செயலாகக் குறிக்கின்றார். அவர் அக்காலத்தவர், சேக்கிழாரைப் போலப் பிற்பட்டவர் அல்லர். ஆயிரம் என்பது பெருந்தொகையைக் குறிக்கும் வழக்கு எனக் கொள்ளினும், அப்பள்ளியில் கொடுமை ஏதோ நிகழ்ந்தது என்னும் ஐயத்தை அப்பாடல் எழுப்பாமல் இல்லை. சமணப் பள்ளிகள் இருந்து பின் மறைந்தமைக்கும் சான்று உண்டு. கி. பி. 458-இல் சர்வநந்தி என்பவர் உலோகவிபாகம் என்னும் நூலை முடித்த பாடலிப் பள்ளி, இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது என்பர். பல்லவன் பாடலியில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அக்கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் கூறுகின்றார். குணபரன் என்பது மகேந்திரவர்மன் பெயர். அவன் மாற்று நெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைத் திருச்சிராப்பள்ளிக் குகைக்கோயிற் கல்வெட்டுச் சிலேடையாகச் சுட்டுகின்றது. ஆகவே இடிபட்ட பள்ளி, கைம்மாறிய கோயில், இழந்த அரசாதரவு என்பன கழுவைவிட நம்பத்தக்க செய்திகள். கழுவின் கூர்மையை நோக்கியிருந்த கண்கள் இவற்றை நோக்கவில்லை.

இனி, இக்கதைக்கும் தோமையார் கதைக்கும் உள்ள பெரு வேறுபாட்டிற்கு வருவாம். உலகெங்கும் சமயத்தின் பொருட்டு மாண்டவர் கதையைப் பாதுகாப்பவர் மாண்டவரின் இனத்தாரே. கிறித்தவர் தோமையாரைப் பாடினர். சைவர் நாவுக்கரசரைப் பாடினர். மதுரைக் கதையில் மாண்டவர் சமணர், பாடுபவர் சைவர். பழைய தமிழ்ச் சமண நூல்கள் இதனைக் குறித்து ஒன்றும் கூறவில்லை. துன்பத்தை நினைவில் வைக்கும் வழக்கம் சமணரிடம் இல்லை என்றும் கூற முடியாது. செஞ்சிப் பகுதியில் நாயக்கத் தலைவன் ஒருவன் தம் முன்னோரைக் கொன்று குவித்த செய்தியை அப்பகுதிச் சமணர் வழிவழியாகக் கூறி வந்தனர். மதுரையை மட்டும் ஏன் மறந்தனர்?

தனக்குப் பழி தரும் செய்தியை ஒருவன் தானே கூறினால் அது மெய்யாகவே இருக்கும் என்பது வழக்கு மன்றத்தாரும் வரலாற்றாரும் கைக்கொள்ளும் நெறி. கொன்றோம் என்று கொன்றவரே கூறும்போது ஐயுறுவது ஏன் என்று கேட்பவர் இந்நெறியையே பற்றி நிற்கின்றனர். ஆனால் 11, 12-ஆம் நூற்றாண்டில் இச்செய்தி சைவருக்குப் பழியாகத் தோன்றியதா என்பதே வினா. நம்பியாண்டார் நம்பிக்கு அது சம்பந்தரின் வெற்றிச் சின்னம். மாற்றாரைத் தலையரிதலே தகும் என்னும் பொருளில் தொண்டரடிப்பொடியாழ்வார் அதற்கு முன்னரே பாடியிருந்தார். புகழாகக் கருதியதைக் கூறுதல் ஒப்புக்கொள்ளுதல் ஆகாது. ஆதலின் அந்நெறி இங்குச் செல்லாது. கொலையைப் புகழாகக் கருதிய மனநிலை இருந்தது என்பதற்கோ இக்கதை மறுக்கவியலாத சான்று. 7-ஆம் நூற்றாண்டைப் பற்றி இக்கதை கூறுவது சிறிது; 12-ஆம் நூற்றாண்டைப் பற்றிக் கூறுவது பெரிது.

சேக்கிழாரிடத்து மட்டும் ஒரு நுட்பம் காணப்படுகின்றது. கழுவைத் தண்டனையாக விதித்தவர் சம்பந்தர் என்று அவர் கூறவில்லை. தோற்றால் எம்மை மன்னன் கழுவேற்றுக என்று சமணரே சினத்தால் தம் வாயாற் சொன்னதாக அமைக்கின்றார். தண்டனை நிறைவேறும்போது சம்பந்தரைப் பேசாதிருக்கச் செய்து, அடியார் உறைந்த மடத்திற்குத் தீயிட்ட தீங்கினை அதற்குக் காரணமாகக் காட்டுகின்றார். சோழப் பேரரசின் அமைச்சராக இருந்த அவருக்கு, வழிவழி வந்த கதையை விடவும் இயலவில்லை, இருந்தவாறே சொல்லவும் மனம் ஒப்பவில்லை என்று எமக்குத் தோன்றுகின்றது. கதையை அவரே புனைந்தார் என்பார்க்கு இது போதிய விடை. தாமே புனைந்தவர் இத்துணை அரண் கட்ட வேண்டுவதில்லை.

சமணம் மதுரையில் மட்டும் வாழவில்லை; மயிலாப்பூரிலும் வாழ்ந்தது. அங்கு நேமிநாதருக்குக் கோயில் ஒன்று இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டது அவ்விறைவனை உளங்கொண்டே. அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியும் அவர்மேல் எழுந்தது. நேமிநாதருக்குக் கொடை வழங்கியதைக் கூறும் உடைந்த கல்வெட்டொன்று சாந்தோமில், தோமையார் கோயிலின் அருகே கிடைத்தது. இன்று அச்சமணக் கோயில் இல்லை. அதனை இடித்தவர் இன்னார் என்று கூறும் கதையும் இல்லை; அங்கு மாண்ட துறவி என எவரையும் காட்டுவாரும் இலர். கடல் ஊர்மேல் வருவதற்கு அஞ்சித் திருமேனியைத் தென்னார்க்காட்டுச் சித்தாமூருக்கு எடுத்துச் சென்றனர் என்று மட்டும் சமணர் கூறுவர். மேல்சித்தாமூரில் அத்திருமேனி இன்றும் வழிபடப்பெறுகின்றது.